முதலில் பெர்மிட், அப்புறம்தான் விமான டிக்கெட்

உகாண்டாவுக்குக் கொரில்லா பார்க்கப் போகிறவர்களில் பலர் திட்டத்தை வாலிலிருந்து தொடங்குகிறார்கள். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து, சல்லிசாகக் கிடைத்த விமான டிக்கெட்டை எடுத்து, படத்தில் அழகாகத் தெரிந்த லாட்ஜுக்கு முன்பணமும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு கொரில்லா பெர்மிட்டைத் தேடுகிறார்கள். அந்த வாரத்தில் இடமிருக்காது. இருந்தாலும் லாட்ஜ் இருக்கும் மலைக்கு எதிர்ப்புற மலையில் இருக்கும். பிறகு அந்த ஒரு நாளைக் காப்பாற்ற மற்ற எல்லா நாட்களையும் வளைத்து ஒடித்து, எட்டு நாள் பயணத்தில் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

இடம் ஏன் கிடைப்பதில்லை என்றால், மனிதர்களுக்குப் பழகிய ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர் மட்டுமே பார்க்கலாம். அதுவும் ஒரு மணி நேரம்தான். உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிவிண்டி காட்டில் அப்படிப் பழகிய குடும்பங்கள் இருபதுக்குச் சற்று மேல். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் அந்தச் சில குடும்பங்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களுக்கும் டிசம்பர் கடைசிக்கும் நான்கைந்து மாதம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. ஏப்ரல், மே, நவம்பர் மழைக் காலத்தில் ஒரு மாதம் முன்பு கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும்.

2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கான கொரில்லா பெர்மிட் 800 அமெரிக்க டாலர். கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க 250 டாலர். இரண்டும் சேர்ந்தால், படுக்கையும் பெட்ரோலும் கணக்கில் வருவதற்கு முன்பே ஆளுக்கு 1,050 டாலர் போய்விடுகிறது. பக்கத்து நாடான ருவாண்டாவில் கொரில்லா பெர்மிட் 2017 மே மாதத்திலிருந்து 1,500 டாலர். அங்கே கிகாலி விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் காட்டின் அடிவாரத்துக்குப் போய்விடலாம், சாலையும் நல்ல சாலை. நான்கு நாள் மட்டுமே கையில் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயமாகப் படலாம். சிம்பன்சி, யானை, நீர்யானை என்று எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு உகாண்டாதான் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. காங்கோவில் கொரில்லா இருக்கும் விருங்கா பூங்கா மலிவு என்று யாராவது சொன்னால், பாதுகாப்பு நிலைமையைப் பார்த்து அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பெர்மிட் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்குத்தான் வரும். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்திருக்கும், விண்ணப்பத்தில் இனிஷியல் மட்டும் கொடுத்திருப்பார்கள். காலையில் பதிவு மேசையில் ரேஞ்சர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், நீங்களே தட்டச்சு செய்ய வேண்டாம். கொரில்லாவுக்குக் குறைந்தபட்ச வயது 15. பதினான்கு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் "வளர்ந்த பையன்தானே" என்று வாதாடிப் பயனில்லை.

ஏற்பாட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: என் பெயர், தேதி, செக்டர் (காட்டுக்குள் புறப்படும் பகுதி) மூன்றும் உள்ள பெர்மிட்டின் நகல் எங்கே? "புக் பண்ணிட்டோம் சார்" என்பது பதிலாகாது. உகாண்டா வனவிலங்கு ஆணையம் பணம் கட்டிய பிறகுதான் பெர்மிட்டை உறுதி செய்கிறது. நகல் கைக்கு வந்த அன்று விமான டிக்கெட்டை எடுங்கள்.

நான்கு வாசல், ஒரே காடு

மேலே செக்டர் என்று சொன்னோமே, பணமும் நேரமும் அதிகம் வீணாவது அதைக் கவனிக்காததால்தான்.

பிவிண்டியின் பரப்பு ஏறத்தாழ 330 சதுர கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் சின்னத் துண்டு. ஆனால் 1,160 மீட்டரில் தொடங்கி 2,600 மீட்டர் வரை ஏறும் மலைக்காடு அது. வடக்கிலிருந்து தெற்குக்கு நடுவே நேராக வண்டி போகும் குறுக்குப் பாதை கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும். கொரில்லா தேட நான்கு இடத்திலிருந்து புறப்படலாம். வடக்கே புஹோமா, கிழக்கே உயரத்தில் ருஹிஜா, தெற்கே ருஷாகா, தென்மேற்கே நுகுரிங்கோ. பெர்மிட்டில் இதில் ஒன்று எழுதியிருக்கும். அந்தச் செக்டரில்தான் காலை ஏழரை மணிக்கு நீங்கள் நிற்க வேண்டும்.

புஹோமாவில் லாட்ஜ், ருஷாகாவில் பெர்மிட் என்று அமைந்துவிட்டால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மலை விளிம்பில் செதுக்கிய மண் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இரவு மழை பெய்திருந்தால் அதுவும் நிச்சயமில்லை. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் குழு கிளம்பிப் போயிருக்கும், 800 டாலரும் போனதுதான். லாட்ஜ் என்றதும் நம் ஊர் பேருந்து நிலையத்து லாட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டாம், இங்கே அது காட்டோரத் தங்குமிடம். எவ்வளவு அழகாக இருந்தாலும், பெர்மிட்டில் உள்ள செக்டரிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும்.

எந்தச் செக்டர் யாருக்கு? புஹோமா பழைய வாசல். 1993-இல் முதன்முதலாகப் பயணிகளுக்குக் காட்டப்பட்ட முபாரே குடும்பம் இங்கேதான். பாதைகள் ஒப்பீட்டளவில் மிதமானவை, வடக்கிலிருந்து குயீன் எலிசபெத் பூங்கா வழியாக வருபவர்களுக்கு இது நேர்வழி. ருஷாகாவில்தான் பழகிய குடும்பங்கள் அதிகம், அதனால் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் இங்கே அதிகம். கிகாலியில் இறங்கி எல்லை தாண்டி வருபவர்களுக்கும் இதுவே பக்கம். ருஹிஜா மிக உயரம், இரவில் நல்ல குளிர். நுகுரிங்கோவில் காலையில் முதலில் சரிவில் இறங்குவீர்கள், எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். மாலையில் அதே சரிவை ஏற வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராது. மூட்டு வலி உள்ளவர்களை அங்கே அனுப்புவதில்லை.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. சிம்பன்சிக் காடு கிபாலே. கொரில்லாக் காட்டுக்குப் பக்கத்து ஊர் கபாலே. எழுத்தில் சிறு வித்தியாசம், சாலையில் ஒரு பகல் போய்விடும். இணையத்தில் அறை பதிவு செய்யும்போது இந்த இரண்டும் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

சுற்று எந்தப் பக்கமாக

வசதியான சுற்று ஒன்பது நாள் எடுக்கும். உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் என்டெபேயில் இறங்கி அன்றிரவு அங்கேயே தூங்குங்கள். இரவு விமானத்தில் வந்தவரை நேராக வண்டியில் ஏற்றும் திட்டம் எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுநாள் போர்ட் போர்ட்டல் வழியாகக் கிபாலே, ஐந்தாறு மணி நேரம். மூன்றாம் நாள் காலை சிம்பன்சி, மாலையில் பிகோடி சதுப்பு நிலத்தில் நடை. நான்காம் நாள் மூன்று மணி நேரத்தில் குயீன் எலிசபெத் பூங்கா, மாலை கஸிங்கா கால்வாயில் படகு. ஐந்தாம் நாள் அங்கேயே, விடியற்காலையில் கசெனி சமவெளியில் சிங்கம் தேடல். ஆறாம் நாள் அதே பூங்காவின் தென்பகுதியான இஷாஷா வழியாகப் புஹோமா. ஏழாம் நாள் கொரில்லா. எட்டாம் நாள் ம்புரோ ஏரி, ஒன்பதாம் நாள் என்டெபே.

கொரில்லாவை ஏன் ஏழாம் நாள் வைக்கிறோம்? கனவு நாளை முதலில் முடித்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து தொற்றிய சளி இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும். இரண்டாம் நாளே கொரில்லா என்றால், வெளியே தெரியாத சளியோடு காட்டுக்குள் போவீர்கள். ஏழாம் நாளுக்குள் அது வந்து போயிருக்கும், குறைந்தது வந்திருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். இன்னொன்று கால். கிபாலே ஓரளவு சமதளம். அங்கே நடந்து பழகிய பூட்ஸும் முழங்காலும்தான் பிவிண்டி சரிவைத் தாங்கும். எப்படி இருந்தாலும் கொரில்லா நாளையும் ஊர் திரும்பும் நாளையும் ஒட்டி வைக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மண்ணும் வியர்வையுமாகக் காட்டிலிருந்து வெளியே வருபவர், ஒன்பது பத்து மணி நேரத் தொலைவிலுள்ள என்டெபேயில் நள்ளிரவு விமானத்தைப் பிடிக்க முடியாது.

ஆறாம் நாள் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுங்குருவிலிருந்து இஷாஷா போகும் சாலையில் காங்கோ எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. மழையில் ஒரு லாரி குறுக்கே சேற்றில் இறங்கிவிட்டால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நாலு மணி நேரப் பயணம் எட்டு ஆகலாம். அதனால் இஷாஷாவில் சாப்பிட மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு காலை ஏழுக்குள் கிளம்புவது வழக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். கூரை திறக்கும் சாதாரண வேன் வறண்ட மாதத்தில் போய்விடும், மழை மாதத்தில் தள்ளத்தான் ஆள் வேண்டும்.

சாலையே வேண்டாம் என்றால் என்டெபேயிலிருந்து கிஹிஹி அல்லது கிசோரோவுக்குச் சிறு விமானம் உண்டு. கிஹிஹி புஹோமாவுக்கு, கிசோரோ ருஷாகாவுக்கும் நுகுரிங்கோவுக்கும். செக்டரைப் பார்க்காமல் விமானத் தளத்தை மாற்றி எடுத்தவர்கள் மிச்சப்படுத்திய நேரத்தை மறுபடி மலைச் சாலையில் செலவழிப்பார்கள். பெட்டி 15 கிலோவுக்குள், துணிப் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை அந்தச் சின்ன வயிற்றுக்குள் திணிக்க முடியாது.

இஷாஷாவின் மரமேறிச் சிங்கங்களை யாரும் உங்களுக்கு உறுதி சொல்லக் கூடாது. பெரிய அத்தி மரங்களின் கிளையில் பகல் வெயிலில் கால்களைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் காட்சி உண்மைதான். ஆனால் 2018 ஏப்ரலில் இந்தப் பூங்காவில் குட்டிகள் உட்பட 11 சிங்கங்கள் நஞ்சூட்டப்பட்டுச் செத்தன. 2021 மார்ச்சில் இஷாஷாவிலேயே 6 இறந்து கிடந்தன. எண்ணிக்கை குறைவு என்பதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஓட்டுநருக்கு இருபது டாலர் கொடுத்து, பாதையை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அபராதம் அவர் தலையில்தான் விழும்.

கஸிங்கா படகை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். ஜார்ஜ், எட்வர்ட் ஏரிகளை இணைக்கும் 32 கி.மீ. நீர்வழி அது. வெயில் ஏறிய பிறகு யானையும் எருமையும் தண்ணீருக்கு இறங்கும், அதனால் பிற்பகல் படகுதான் நல்லது. கரையோரம் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு பகல் முழுக்க வண்டியில் குலுங்கித் தேடுவதை இரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். ம்புரோ ஏரிப் பூங்காவில் யானை கிடையாது. அங்கே ரேஞ்சரோடு நடந்தே வரிக்குதிரைகளின் அருகில் போக முடியும்.

உங்கள் சளி, அவற்றின் நிமோனியா

கொரில்லா அடித்துவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது. நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலாக வந்து போகும் வைரஸ் வாலில்லாக் குரங்குகளுக்கு நிமோனியாவாக மாறலாம். அவற்றின் உடலுக்கு அந்தக் கிருமி புதிது. 2013-இல் கிபாலே காட்டின் கன்யாவாரா சிம்பன்சிக் கூட்டத்தில் மனித ஜலதோஷ வைரஸ் வகை ஒன்று பரவி, 56-இல் 5 இறந்தன. அதற்கு முன் 1996-இல் பிவிண்டி கொரில்லாக் குடும்பம் ஒன்றில் சொறிநோய் வந்து ஒரு குட்டி இறந்தது. தோட்டங்களில் நிறுத்திய பொம்மைகளின் பழந்துணி வழியாக மனிதரிடமிருந்து வந்திருக்கலாம் என்று கண்டார்கள். அதைக் கையாண்ட கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா பின்னாளில் அந்தக் கிராமத்து மக்களின் உடல்நலத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். மனிதருக்குச் சொறி இல்லையென்றால் கொரில்லாவுக்கும் வராது என்ற கணக்குதான்.

மலைக் கொரில்லா உலகத்திலேயே 1,063 என்பது கடைசிக் கணக்கெடுப்புகள் சேர்த்துச் சொன்ன எண். அதில் 459 பிவிண்டியும் அதை ஒட்டிய சரம்ப்வே காடும் சேர்ந்த பகுதியில். அழிவு அபாயப் பட்டியலில் 2018-இல் இந்த இனம் 'மிக அருகிய' நிலையிலிருந்து 'அருகிய' நிலைக்கு ஒரு படி இறக்கப்பட்டது, அதாவது அபாயம் ஒரு படி குறைந்தது, நல்ல செய்திதான். ஆனால் ஒரு நல்ல கல்யாண மண்டபத்தில் கூடும் கூட்டத்தைவிட எண்ணிக்கை அதிகமில்லை.

ஆகவே, இருமலோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் காலையிலேயே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லி விலகுபவருக்குப் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வழியுண்டு. மறைத்துப் போய்க் காட்டில் இருமிப் பிடிபட்டால் எதுவும் கிடைக்காது. அன்று மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு போகும் தந்திரம் சிலருக்குத் தோன்றும். மாத்திரை சத்தத்தைத்தான் அடக்கும், கிருமி வந்துகொண்டேதான் இருக்கும். முகக்கவசம் கட்டாயம். ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள், ஏறும்போதே முதலாவது வியர்வையில் நனைந்துவிடும். இடைவெளி 10 மீட்டர். குட்டி நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பின்னே போக வேண்டும், அது தொடுமா என்று கையை நீட்டிக் காத்திருக்கக் கூடாது.

காட்டு நாள்

ஏழரைக்குப் பதிவு, எட்டு மணிக்கு விளக்கக் கூட்டம். அதற்குள் தடம் பார்ப்பவர்கள் விடியலிலேயே உள்ளே போயிருப்பார்கள். கொரில்லாக்கள் ஒவ்வொரு இரவும் புதிதாக இலை மடித்துப் படுக்கை போடும். நேற்று விட்ட இடத்தில் தொடங்கி, இரவுப் படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடித்து ரேடியோவில் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் குழு பிரிப்பார்கள். கூச்சப்படாமல் உடல்நிலையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். "எனக்கு முட்டி வலி, அறுபத்திரண்டு வயது" என்றால் பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்ப முயல்வார்கள். அரை மணி நேரத்தில் பார்த்தவர்களும் உண்டு, ஆறு மணி நேரம் நடந்தவர்களும் உண்டு. எவ்வளவு என்பது அன்று அவை எங்கே மேய்கின்றன என்பதைப் பொறுத்தது.

சுமை தூக்க ஆள் எடுங்கள். பையே சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். வழுக்கும் சரிவில் மேலிருந்து கையைப் பிடித்து இழுப்பதும், கீழிருந்து முட்டுக் கொடுப்பதும் அவர்தான். கூலி 20 டாலர் அளவில், அந்த ஊர்க்காரரின் கையில் நேராகப் போய்ச் சேரும். சுத்தமாக நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலிப் பல்லக்கு உண்டு. அங்கே அதற்கு 'ஹெலிகாப்டர்' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்குவார்கள், சில நூறு டாலர் ஆகும். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், பாதி வழியில் கேட்டால் ஆள் சேராது.

உடை விஷயத்தில் படத்துக்காக உடுத்துவதை விட்டுவிட்டு நெட்டில் செடியையும் எறும்பையும் நினைத்து உடுத்துங்கள். நெட்டில் நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி, பட்டால் அரை மணி நேரம் எரியும். வழுக்கும்போது கை தன்னால் பக்கத்துச் செடியைத்தான் பிடிக்கும். தோட்ட வேலைக்குப் போடும் கெட்டித் துணிக் கையுறை போதும். பேன்ட் கால்களைச் சாக்ஸுக்குள் திணித்துவிடுங்கள். படையெடுத்துப் போகும் எறும்பு வரிசையை மிதித்துவிட்டால் அவை துணிக்குள்ளாகத்தான் ஏறும். பூட்ஸ் கணுக்கால் வரை, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். ஒட்டு விட்டுப்போன பழைய பூட்ஸின் அடிப்பகுதி சேற்றில் கழன்று நிற்பதும் உண்டு. மழைச் சட்டை வெயில் மாதத்திலும் வேண்டும், மழைக்காடு என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ராணுவப் புள்ளி போட்ட உடை உகாண்டாவில் பொதுமக்களுக்குத் தடை, பெட்டியிலேயே வைக்காதீர்கள். சமவெளிப் பூங்காக்களில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும், துணிக்கு மேலாகவே.

கொரில்லாக்களை நெருங்கியதும் ரேஞ்சர் நிறுத்துவார். பை, ஊன்றுகோல், தின்பண்டம் எல்லாம் அங்கேயே சுமை ஆளிடம். கேமரா மட்டும் கையில், முகக்கவசம் முகத்தில். முன்னே போகிறவர் அரிவாளால் கொடிகளை ஒதுக்குவார். கால் வைக்கும் இடம் மண்ணாக இருக்காது, மிதித்து மிதித்துப் பின்னிய செடிப் படுக்கை, முழங்கால் வரை இறங்கும். முதலில் வாசனை வரும், வியர்வையும் பச்சை இலையும் கலந்த கனத்த நெடி. பிறகு தண்டு ஒடியும் சத்தம். ரேஞ்சர் தொண்டையைச் செருமுவது போல இரண்டு முறை தாழ்ந்த குரல் கொடுப்பார். புதருக்குள்ளிருந்து அதே செருமல் திரும்பி வரும். வந்தது யாரென்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். உங்கள் ஒரு மணி நேரம் அங்கிருந்து ஓடத் தொடங்கும்.

வெள்ளி முதுகு ஆண் திடீரென்று எழுந்து பாய்வது போல வந்தால் ஓடக் கூடாது. ரேஞ்சர் செய்வதையே செய்யுங்கள். குனிந்து, பார்வையைத் தரையில் வைத்து, அசையாமல் இருங்கள். பெரும்பாலும் அது மிரட்டல்தான், பாதியில் நின்றுவிடும். ஓடுபவரைத்தான் துரத்தும். ரேஞ்சர்கள் தோளில் துப்பாக்கி இருக்கிறதே என்று மிரள வேண்டாம், காட்டு யானை எதிர்ப்பட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விலக்க அது.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. பிளாஷ் கூடாது, கூட்டத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். பறவைக்கு வைத்திருக்கும் 600 மி.மீ. லென்ஸ் பத்து மீட்டரில் கொரில்லாவின் மூக்கை மட்டும் காட்டும். 70-200 போதும். இலைக்கூரைக்குள் இருட்டு, ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். கறுப்பு ரோமத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு புள்ளி வரை குறைத்து வையுங்கள். முதல் பத்து நிமிடம் எடுத்தது போதும் என்று கேமராவைக் கீழே விடுபவர்கள்தான் அதிகம் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சிம்பன்சி நாள் இதற்கு நேர்மாறு. கொரில்லா உட்கார்ந்து தின்னும், நாமும் நிற்கலாம். சிம்பன்சி மரத்திலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினால் ரேஞ்சர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். கிபாலே காட்டின் பயணியர் மையமான கன்யாஞ்சுவிலிருந்து காலை எட்டுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் குழுக்கள் கிளம்புகின்றன. காலையில் அத்தி மரத்து உச்சியில் தின்றுகொண்டிருக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பீர்கள். வெயில் ஏறிய பிறகு தரைக்கு வரும் வாய்ப்பு அதிகம். பணம் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்குக் குயீன் எலிசபெத் பூங்காவுக்குப் பக்கத்துக் கலின்சு காடு இருக்கிறது, கட்டணம் குறைவு. கியாம்புரா பள்ளத்தாக்கு அழகானது. ஆனால் அங்கே இருப்பது தனித்துப்போன சிறு கூட்டம், பார்க்க முடியாமல் திரும்புபவர்கள் கிபாலேயைவிட அதிகம்.

ஊசி, விசா, சாப்பாடு

வரிசை முக்கியம். மஞ்சள் காய்ச்சல் ஊசி முதலில், விசா பிறகு. உகாண்டாவின் ஆன்லைன் விசா விண்ணப்பத்தில் ஊசிச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறார்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் போடுகின்றன. பாஸ்போர்ட் வேண்டும், நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொண்டு போக வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இந்த ஊசியில் அவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு.

உகாண்டா மட்டும் என்றால் ஒற்றை நுழைவு விசா 50 டாலர். ருவாண்டா, கென்யாவும் சேர்ந்தால் மூன்று நாட்டுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

டாலர் நோட்டு 2013-க்குப் பின் அச்சானதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாததாக இருக்கட்டும். பழைய நோட்டை வங்கியே வாங்காது. இந்தியப் பிளக் அங்கே நுழையாது, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பது போன்ற மூன்று செவ்வகக் கால் பிளக்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கே, பீன்ஸ் குழம்பு, சப்பாத்தி எங்கும் கிடைக்கும். சாலையோரத்தில் 'ரோலெக்ஸ்' என்று எழுதியிருந்தால் கைக்கடிகாரம் அல்ல, முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. காட்டு நாளின் மதியப் பொட்டலத்தில்தான் பிரச்சினை. முதல் நாள் இரவே "இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடுவதுண்டு.

மலேரியா மாத்திரை எது என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். எதுவானாலும் ஊர் திரும்பிய அன்று அதை நிறுத்தக் கூடாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகு 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 28 நாள் தொடர வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். அது இல்லாதவரை 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், "சாதாரணக் காய்ச்சல்தான் டாக்டர்" என்று ஆரம்பிக்காமல், உகாண்டா போய் வந்த தேதியை முதலில் சொல்லுங்கள். அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.